எங்காத்துப் புலியும் எதிராத்து நரியும்

எனக்கு இரண்டு வரன்கள் வந்தன. ஒன்று புலி, இன்னொன்று நரி.

இப்படிச் சொன்னது என் மாமா, அம்மாவின் தம்பி. பம்பாயில் மாதுங்காவில் குடியிருந்துகொண்டு கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். யுத்தம் ஆரம்பித்த பிறகு ஒரு தடவை லீவில் பாலக்காட்டுக்கு வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல், அப்பாவிடம் விஷயத்தை எடுத்தார்.

"அத்திம்பேர், பம்பாயில ரெண்டு பையன் இருக்கான். ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ், ஒரே செக்‌ஷன். ரெண்டு ஜாதகமும் இவளுக்குச் சேர்றது. ஒருத்தன் புலி. இன்னொருத்தன் நரி. எதுன்னு நீங்க சொல்லுங்கோ, முடிச்சுத் தரேன்."

அப்பா யோசிக்கவே இல்லை. "புலியே ஆகட்டும்" என்றார்.

நான் காப்பி டம்ளர்களைக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது. அந்த நாளில் அது கொஞ்சம் முற்றிய வயது. என் வாய் அதைவிட முற்றியது. "நரி எப்படி இருப்பார், மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமா சிரித்தார். "மூக்கு நீளம். கண்ணு சின்னது. சிரிச்சா ஒரு பக்கமாத்தான் சிரிப்பான். போறுமா?"

"புலி?"

"புலி புலி மாதிரி இருப்பான். போய் சர்க்கரை கொண்டா."

எங்கள் ஊரில் புலிகளுக்குப் பஞ்சமில்லை. கணக்கில் புலி, வியாகரணத்தில் புலி, சீட்டாட்டத்தில் புலி, அவ்வளவு ஏன், பப்படம் இடுவதில் புலி என்று ஒரு மாமி இருந்தாள். யாருமே நிஜப் புலியைப் பார்த்ததில்லை. நரியை எல்லாரும் பார்த்திருந்தார்கள். பார்த்ததைத் திட்டுவதற்கும் பார்க்காததைப் புகழ்வதற்கும் வைத்துக்கொண்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவ்வளவு ஞானம் இல்லை. புலிக்குக் கழுத்தை நீட்டினேன்.

பம்பாயில் மாமா வீட்டில் சில நாள் இருந்துவிட்டுச் செம்பூருக்குப் போனோம். மாதுங்காவில் அப்போது வாடகைக்கு ஓர் அலமாரிகூடக் கிடைக்காது என்பார்கள். செம்பூரில் இடம் இருந்தது. இடம் மட்டும்தான் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஒரு மண் சாலை, அதன் கடைசியில் எதிரும் புதிருமாக இரண்டு மாடிக் கட்டிடங்கள், நடுவே ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு. எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் முள்ளும் புதருமாக ஒரு பெரிய வெளி. அதையும் தாண்டினால் கடல் கழியின் சேறு. தூரத்தில் ட்ராம்பே குன்று. என் கணவர் காலையில் குர்லாவில் வண்டி மாறிக் கோட்டைக்குப் போனால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்.

புலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம். அந்த உயரத்தை யாருக்கும் தொந்தரவில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல முதுகை வளைத்து நடப்பார். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டுவார். கரப்பான் பூச்சி பறந்தால் கட்டில்மேல் ஏறி நின்றுகொள்வார். "அது பாட்டுக்குப் போகட்டும்" என்று அங்கிருந்தபடியே அதற்கு அனுமதி கொடுப்பார்.

வந்த அன்று சாயங்காலம் விளக்கேற்றும் நேரம். யுத்த காலமானதால் ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. திடீரென்று பின்பக்கத்துப் புதரிலிருந்து ஓர் ஊளை. அதைத் தொட்டு இன்னொன்று. அப்புறம் அந்த வெளி முழுவதும் சேர்ந்துகொண்டு ஊளையிட்டது. இவர் எழுந்து போய் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார்.

"ஏன்னா, புழுக்கமா இருக்கே?"

"காத்து வரது. உனக்குப் புது எடம். ஒத்துக்காது."

"நரி தானே கத்தறது?"

"நரி தான்." கண்ணைச் சிமிட்டினார். "ஆனா நிறைய இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புலி நரிக்குப் பயப்படுமோ?"

"எந்தப் புலி?"

தன்னைப் புலி என்று சொல்லித்தான் பெண் பேசினார்கள் என்பது அவருக்கே தெரியாது. நான் சொன்னதும் காதுவரை சிவந்துவிட்டார். அப்புறம் மெதுவாக, "ஆபீஸ்ல அப்படி ஒரு பேச்சு உண்டு. டிராஃப்டிங்ல. துரை எதில கையெழுத்துப் போடறதுன்னாலும் நான் பாத்தாச்சான்னு கேப்பார்" என்றார். அதைச் சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்போ நரி யாரு?"

"எந்த நரி?"

"உங்க செக்‌ஷன்லயே ஒரு நரி இருக்காராமே. அவரையும் எனக்குப் பார்த்தாளாம்."

அவர் வெகு நேரம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டி முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் காட்டினார். "அவன் எதிராத்துல இருக்கான். அவன்தான் எனக்கு இந்த ஆத்தையே பாத்துக் குடுத்தான்."

அடுத்த நாள் காலையிலேயே நரி வந்தது. கையில் ஒரு தகரத்தில் மண்ணெண்ணெய். அந்த நாளில் மண்ணெண்ணெய் கொண்டு வருகிறவன் தேவதூதன். மூக்கு நீளமும் இல்லை, கண் சின்னதும் இல்லை. பூரி மாதிரி உப்பிய வட்ட முகம், நடுவில் பொத்தான் போல ஒரு மூக்கு. சிரித்தபோது முகம் முழுவதும் சிரித்தது. "மன்னி, எது வேணும்னாலும் சொல்லுங்கோ. ரேஷன் கடைக்காரன் நம்ம ஆளு. கோதுமைக்குப் பதிலா அரிசி வாங்கறதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார். என்ன வழி என்று சொல்லவில்லை. மாமா இவரை நேரில் பார்த்ததே இல்லை என்பது எனக்கு நிச்சயமாயிற்று. பெயரைக் கேட்டு முகத்தை வரைந்திருக்கிறார்.

நரியின் மனைவி கும்பகோணத்துக்காரி. என் வயதுதான். எனக்குச் சில மாதம் முன்னால் பம்பாய் வந்தவள். அதற்குள் காய்கறி விற்கும் பாஜிக்காரனிடம் சண்டை போடும் அளவுக்கு ஹிந்தி கற்றிருந்தாள். கிணற்றடியில் இரண்டு நாள் 'நீங்கோ' போட்டுப் பேசினோம். மூன்றாவது நாள் 'டி' போட்டுவிட்டோம். நான் "மனசிலாச்சா?" என்றால் அவள் கும்பகோணத்துக்கே கேட்கும்படி சிரிப்பாள். பாலக்காட்டுத் தமிழ் அவளுக்குப் பெரிய வேடிக்கை.

அவள் கணவரை நான் மனசுக்குள் நரி என்று அழைப்பதை அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு நாள் துணி அலசும்போது அவளே ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"உங்காத்துக்காரரை முதல்ல எனக்குத்தான் பாத்தா."

நான் கையிலிருந்த புடவையை அப்படியே விட்டுவிட்டேன். "அப்புறம்?"

"எங்க சித்தப்பா தாதர்ல இருக்கார். அவர் வந்து சொன்னார். ரெண்டு பையன், ஒரே ஆபீஸ். ஒருத்தன் புலி. போன எடத்துல காரியத்தை முடிச்சுண்டு வருவான். இன்னொருத்தன்…" நிறுத்தினாள்.

"இன்னொருத்தன்?"

"நெட்டையா, கூனிண்டு, வாயைத் திறக்க மாட்டான், கண்ணை மட்டும் சிமிட்டிண்டே இருப்பான். துரையைக் கைக்குள்ள போட்டுண்டிருக்கான். சரியான நரின்னு சொன்னார். அதான் எங்கப்பா…"

"புலியே ஆகட்டும்னாராக்கும்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு வந்த கோபத்தில் வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன். கயிற்றைப் பிடிக்க மறந்துவிட்டேன். என் கணவர் நரியா? கரப்பானுக்கு வழிவிடுகிற மனுஷர்? "எங்க மாமா சொன்னதைச் சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்து, மூக்கு, கண், ஒரு பக்கச் சிரிப்பு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் முகமும் சிவந்தது. கிணற்றிலிருந்து வாளியை எடுக்க இரண்டு பேருமே மெனக்கெடவில்லை. அவரவர் துணியை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

ஒரு வாரம் பேச்சில்லை. அந்த வாரம் முழுக்க நான் எதிர்வீட்டு ஆளிடம் நரித்தனம் தேடினேன். அவள் என் கணவரிடம் தேடினாள். அவர் முற்றத்தில் ரேஷன் பையோடு வந்தால் ஜன்னலில் நான். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஜன்னலில் அவள். தேடினால் கிடைக்காதா? எதிர்வீட்டுக்காரர் பாஜிக்காரனிடம் பேசிக்கொண்டே தராசைப் பார்க்கிறார் என்று நான் கண்டுபிடித்தேன். இவர் பேசாமலே துரையிடம் லீவு வாங்கிவிடுகிறார் என்று அவள் கண்டுபிடித்திருப்பாள். ஒரே காரியம்தான். நம் ஆள் செய்தால் புலி, அடுத்த ஆள் செய்தால் நரி. ஆண்களுக்கு இது எதுவுமே தெரியாது. இரண்டு பேரும் தினமும் ஒன்றாக ஸ்டேஷனுக்கு நடந்தார்கள், ஒரே டப்பாவில் ஏறினார்கள், ஒரே தமிழ்ப் பேப்பரைப் பாதி பாதி படித்தார்கள்.

பேச ஆள் இல்லாததால் நான் நிஜ நரிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். என் சமையலறை ஜன்னல் பின்வெளியைப் பார்த்தது. விடிகிற நேரத்தில் ஒரு ஜோடி சேற்றோரமாக வரும். நான் கேள்விப்பட்ட நரி சதிகாரன். இதுவோ மோப்பம் பிடித்து நண்டு பிடிக்கும். நண்டு இதன் மூக்கைப் பிடித்தால் குதிக்கும். ஆணும் பெண்ணும் எப்போதும் சேர்ந்தே இருந்தன. ஒன்று முன்னால் போய்விட்டால் நின்று திரும்பிப் பார்க்கும். மற்றது வந்து சேர்ந்த பிறகுதான் நடக்கும். சதி செய்கிற நேரமே அவற்றுக்கு இல்லை. எங்கள் ஊரில் நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்றும் சொல்வார்கள், திட்டுவதும் நரி என்றுதான். நான் தினமும் நரி முகத்தில்தான் விழித்தேன். ரேஷன் அரிசியில் கல் குறையவில்லை.

புலியைப் பற்றி மாமா ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது: அது பின்னாலிருந்துதான் பாயும், தனியாகத்தான் திரியும், பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடும். அதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் புலி மாதிரி மாப்பிள்ளை என்று சிபாரிசு செய்திருக்கிறார். நரியைப் போலக் கூடவே நடக்கிற மாப்பிள்ளை வேண்டும் என்று நான் கேட்டிருந்தால் அப்பா என்னை வைத்தியரிடம் காட்டியிருப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் நிஜமாகவே புலி வந்தது.

முதலில் எருமைத் தொழுவத்துப் பால்காரனின் ஆடு ஒன்று காணாமல் போயிற்று. அப்புறம் இன்னொன்று. கிணற்றுக்குப் பக்கத்து ஈர மண்ணில் சாஸர் அகலத்துக்கு ஒரு கால்தடம். பால்காரன் அதைப் பார்த்துவிட்டு, "வாக் ஆலா! வாக்!" என்று கத்தினான். வாக் என்றால் மராட்டியில் புலி. வந்தது சிறுத்தைதான், ட்ராம்பே குன்றுப் பக்கத்திலிருந்து இறங்கி வந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் அங்கே எல்லாரும் வாக் என்றார்கள், நாங்களும் புலி என்றே பயந்தோம்.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு ரிடையர்டு ஹவில்தார் இருந்தார். மராட்டியர். மீசை மட்டும் இன்னும் ரிடையர் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டு கட்டிடத்துக்காரர்களையும் முற்றத்தில் கூட்டினார். அது பின்பக்கப் புதரில்தான் படுத்திருக்கிறது, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஆண்கள் வரிசையாக நின்று தகரம் தட்டிக்கொண்டு போனால் குன்றுப் பக்கம் ஓடிவிடும் என்றார். யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். பால்காரனும் அவன் தம்பிகளும் கை தூக்கினார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் அந்தச் சமயம் பார்த்து வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரவர் கட்டிடத்து மாடிப்படியில் நானும் அவளும் எதிரெதிரே நின்றிருந்தோம். ஒரு வாரக் கோபம். அவள் என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஹவில்தாரிடம் ஹிந்தியில் என்னவோ சொன்னாள். அதில் 'வாக்' மட்டும் எனக்குப் புரிந்தது. ஹவில்தார் என் கணவர் பக்கம் திரும்பி, மீசையைத் தடவி, தலையிலிருந்து கால்வரை அளந்து, "அச்சா!" என்றார்.

"என்னடி சொன்னே?"

"நீ சொன்னதைத்தான் சொன்னேன். உங்காத்துக்காரர் புலின்னு."

எங்கள் தமிழில் புலி என்றால் கெட்டிக்காரன். பேனாவைப் பிடித்துக்கொண்டே புலியாக இருக்கலாம். அவர்கள் பாஷையில் வாக் என்றால் வீரன், நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நிற்கிறவன். டிராஃப்டிங் எல்லாம் அதில் சேர்த்தி இல்லை. எனக்கு இது புரிவதற்குள் ஹவில்தார் இவர் கையில் ஒரு காலி நெய் டின்னைக் கொடுத்தாகிவிட்டது. இவர் அந்த டின்னை, யாரோ பெற்ற குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் சிமிட்டவில்லை. அது நின்றே போயிருந்தது.

நான் சும்மா இருப்பேனா? என் வாழ்நாளின் முதல் ஹிந்தி வாக்கியத்தை அன்றுதான் பேசினேன். அவள் கணவரைச் சுட்டிக்காட்டி, "இன்கா ஆத்மி பி வாக்!" என்றேன். இவளுடைய ஆளும் புலிதான்.

ஹவில்தாருக்குப் பரம சந்தோஷம். "தோகே வாக்!" என்று இரண்டு பேர் முதுகிலும் ஒவ்வோர் அடி வைத்தார். இரண்டு பேருமே புலி. பொத்தான் மூக்கு வெளுத்துப்போயிற்று.

அவர்கள் போனார்கள். வெயில் சாய்ந்து வெளி முழுவதும் மஞ்சளாகக் கிடந்தது. தகரச் சத்தம் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயிற்று. பெண்களெல்லாம் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது ஹவில்தாரின் உத்தரவு. நாங்கள் இருவரும் போகவில்லை. யார் புருஷன் முதலில் திரும்பி ஓடி வருகிறான் என்று பார்க்காமல் எப்படிப் போவது? கிணற்றின் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் தோள் என் தோளில் பட்டது.

"உங்காத்துக்காரர் தான் முதல்ல வருவார், பாரு."

"உருண்டு வரதுக்கு உங்காத்துக்காரருக்குத்தான் வசதி."

அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கும் தாங்கவில்லை. சிரிப்புத்தான் எங்கள் சமாதானம்.

அப்போது முற்றத்தின் மூலையில், துவைக்கும் கல்லுக்குப் பின்னால், ஏதோ தரையோடு தரையாக நகர்ந்தது. முதலில் யாரோ உலர்த்திய கம்பளி காற்றில் விழுந்து புரள்கிறது என்று நினைத்தேன். கம்பளிக்கு வால் இருந்தது.

புதரில் தட்டிய தகரம் அதைக் குன்றுப் பக்கம் விரட்டவில்லை. எங்கள் பக்கம் விரட்டியிருந்தது. காதுகளைத் தலையோடு ஒட்டவைத்துக்கொண்டு, வயிறு மண்ணில் உரச, சுவரோரமாக வந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் கிணறு. அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் இரண்டு வளையல் உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு அது நின்று எங்களைப் பார்த்தது. மஞ்சள் கண். அந்தக் கண்ணில் வீரமும் இல்லை, கெட்டிக்காரத்தனமும் இல்லை. பரீட்சை ஹாலில் தப்பான பெஞ்சில் உட்கார்ந்துவிட்ட பையனின் முழிப்புத்தான் இருந்தது. பின்னால் மறுபடி தகரம் முழங்கியது. அவ்வளவுதான், ஒரே தாவல். மதில்மேல் ஒரு புள்ளிப் போர்வை தொங்கியது போலத் தெரிந்தது, அடுத்த நொடி காணோம். பால்காரனின் தொழுவத்தில் எருமைகள் கத்தின. அப்புறம் ரொம்ப தூரத்தில் நாய்கள்.

எழுந்து நின்றோம்.

"பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். பயந்து ஓடறது."

"சத்தத்துக்கு."

"டால்டா டின்னுக்கு" என்றேன். உண்மையில் அது நெய் டின். இருவரும் கிணற்றைப் பிடித்துக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் குலுங்கினோம்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். யாரும் ஓடி வரவில்லை. ஹவில்தார் முன்னால் வந்தார், புலியே இல்லை, ஓடிவிட்டது என்றார். அவருக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் உரச வந்தார்கள். வேட்டியெல்லாம் முள், முகமெல்லாம் பெருமை. "ஒரு ரோமத்தைக்கூடக் காணோம், மன்னி. எங்க சத்தத்தைக் கேட்டே ஓடிடுத்து!" என்றார் வட்ட முகத்துக்காரர். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சொல்லவில்லை. மதில்மேல் நகக் கீறல் இருந்தது; அவர்கள் கேட்டிருந்தால் காட்டியிருப்போம். கேட்கவில்லை.

சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன். "பயமா இருந்ததா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ரசத்தைக் கலந்துகொண்டே சொன்னார். "ரொம்ப. கால் நடக்கறதா நிக்கறதான்னே தெரியலை. பக்கத்துல பாத்தா அவன் நிக்கறான். அவனுக்கும் அப்படித்தான் போலிருக்கு. சட்டுனு என் கையைப் பிடிச்சுண்டான்."

"பிடிச்சுண்டு?"

"நானும் பிடிச்சுண்டேன். ஒரு கையால டின்னை எப்படித் தட்டறது? அதனால அவன் டின்னைப் பிடிச்சான், நான் தட்டினேன். கடைசி வரைக்கும் அப்படியே போனோம்." கண்ணைச் சிமிட்டினார், இரண்டு தடவை. "ஹவில்தார்ட்ட சொல்லிடாதே."

மறுநாள் கிணற்றடியில் அவள் என்னைத் தேடி வந்தாள். அவள் வீட்டிலும் அதே வாக்குமூலம், அதே வார்த்தைகளில். ஒரே ஒரு வித்தியாசம். முதலில் கையைப் பிடித்தது என் கணவர் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதை நாங்கள் தீர விசாரிக்கவில்லை. கிணற்றில் விழுந்த என் வாளியை இரண்டு பேருமாகப் பாதாளக் கொலுசு போட்டு எடுத்தோம்.

அந்தச் சிறுத்தை அப்புறம் வரவில்லை. ஆனால் ஹவில்தார் எங்கள் ஆட்களை விடவில்லை. காலையில் அவர்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "காய் வாக்?" என்று குரல் கொடுப்பார். என்ன புலி, சௌக்கியமா? இரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள். அந்தத் தெரு தாண்டும் வரை என் கணவரின் கூன் காணாமல் போகும்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் பைகுலாவில் ராணி பாக் மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். மிருகங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது ஆண்கள். புலி, கூண்டுக்குள் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. இருவரும் கம்பிக்கு வெளியே நின்று, அது எந்த ஜாதிப் புலி, எத்தனை அடி தாவும் என்றெல்லாம் பேசினார்கள். அது காதை ஆட்டி ஈயை விரட்டியது. நரிக் கூண்டில் ஒரு நரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தது. அங்கே கூட்டமே இல்லை. "தினமும் பாக்கறதுதானே" என்று அவரவர் கணவர்கள் எங்களை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

மரத்தடியில் தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டோம். சாப்பிட்ட கையோடு ஆண்கள் இரண்டு பேரும் துண்டை விரித்துப் படுத்தார்கள். ஒருவர் குறட்டை விட, மற்றவர் பதில் சொன்னார்.

சற்றுத் தள்ளி யானைமேல் குழந்தைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே ஏற மரப்படி போட்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"மடிசார்ல யாராவது யானை ஏறுவாளோடி?"

"யாராவது ஏறினாத்தானே தெரியும்."

பாகன் முதலில் சிரித்தான், அப்புறம் நகர்ந்து இடம் கொடுத்தான். யானை எழுந்தபோது நாங்கள் இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து மரத்துக் காக்கைகளெல்லாம் கிளம்பின. துண்டில் படுத்திருந்தவர்கள் இரண்டு பேரும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, இடமும் வலமும் கீழும் தேடினார்கள். மேலே பார்க்க வேண்டும் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பாகனிடம் இன்னொரு சுற்றுப் போகச் சொன்னோம்.